தோட்டாவுக்கு ஈரம் எதிரி, வெடிமருந்துக்குச் சூடு எதிரி

கோத்தகிரியிலேர்ந்து ஒரு அன்பர் கேட்டிருக்காங்க: "லைசென்ஸ் துப்பாக்கிக்கு வாங்கின 12 போர் (குழல் அளவு) தோட்டா வருஷக்கணக்கா மிச்சம் கிடக்கு. இரும்புப் பெட்டியில வைக்கலாமா? கெட்டுப்போனா எப்படித் தெரியும்?"

தோட்டாவைத் தாராளமா வைக்கலாங்க. மூடியில ரப்பர் பட்டை இருக்கிற பெட்டியா பாருங்க. வெயிலடிச்சு காத்து காய்ஞ்சிருக்கிற நாள்ல, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட போட்டு மூடுங்க. பொட்டலத்துல இருக்கிற நீல மணி ரோஸ் கலருக்கு மாறிட்டா ஈரம் குடிச்சிருச்சுன்னு அர்த்தம், மாத்திடுங்க. குளிர்ந்த பெட்டியை வெதுவெதுப்பான ரூமுக்குக் கொண்டுவந்தா உடனே திறக்காதீங்க, தோட்டா மேல வியர்த்துரும். ரூம் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க.

தோல் பெல்ட்லயே சொருகி வெச்சா பித்தளையில களிம்பு ஏறும். எண்ணெய் தடவவும் வேண்டாம், அது கசிஞ்சு கேப்புக்குள்ள (தோட்டா அடியில தீப்பொறி கொடுக்கிற சின்ன மூடி) இறங்கினா கேப்பு செத்துப்போகும். மாட்டுக்கொட்டகை, யூரியா மூட்டை பக்கம் வைக்கவே வைக்காதீங்க. வெள்ளைக்காரன் காலத்துல நம்ம நாட்டுல, மழைக்காலத்துல குதிரை லாயத்துல வெச்ச தோட்டாக்கள்ல பித்தளை தானா விரிசல் விட்டுச்சு. மூத்திரத்துலேர்ந்து வர்ற அமோனியாதான் காரணம்னு 1921லதான் விளக்கம் கிடைச்சது.

ஆனா உதிரி மருந்து, அதாவது தோட்டாவுக்குள்ள அடைக்காத வெடிமருந்து, அதோட கதையே வேற. அதை வைக்க லைசென்ஸ் இருக்கிறவங்களும் கெட்டியான இரும்புப் பெட்டியில பூட்டிடாதீங்க. தீப்பிடிச்சா அழுத்தம் போக வழியில்லாம அந்தப் பெட்டியே குண்டாயிடும். கம்பெனி டப்பா, அழுத்தம் வந்தா சீக்கிரம் விட்டுக்கொடுக்கிற மாதிரி செஞ்சது. அதுலயே இருக்கட்டும், மரப்பெட்டிக்குள்ள வைங்க.

கருமருந்து, அதாவது பழைய காலத்துக் கறுப்பு வெடிமருந்து, ஈரத்துல நமுத்துப்போகுமே தவிர தானா சிதையாது. இப்போ தோட்டாவுல போடுற புகையில்லா மருந்து அப்படி இல்லைங்க. அதுல இருக்கிற நைட்ரோசெல்லுலோஸ் மெல்ல மெல்ல சிதைஞ்சு அமில வாயு விடும். அதைப் பிடிச்சு வைக்கத்தான் டைஃபினைல் அமீன் மாதிரி ஒண்ணைக் கொஞ்சமா சேர்க்கிறாங்க. சூடான தகரக்கூரை அடியில வெச்சா அது சீக்கிரம் தீர்ந்துபோகும். 1911ல பிரான்ஸ்ல துலோன் துறைமுகத்துல பிரெஞ்சுப் போர்க்கப்பல் லிபெர்த்தே வெடிச்சது இப்படிச் சிதைஞ்ச மருந்தாலதான்.

நல்ல மருந்துல ஸ்பிரிட் மாதிரி வாசனை வரும். கெட்டதுல மூக்கை எரிக்கிற அமில நெடி, செம்பழுப்புத் தூசி, மூடி உள்பக்கம் துரு. இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் காயவெச்சுப் பார்க்காதீங்க, மருந்து முழுக்க மூழ்குற அளவு தண்ணி ஊத்திட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்க. உப்பின தோட்டா, கேப்பு பச்சையான தோட்டா இதையெல்லாம் சுட்டுத் தீர்க்க நினைக்காதீங்க, பிரிக்கவும் வேண்டாம். தனியா எடுத்துவெச்சு ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் டீலர்கிட்டயோ கேட்டு ஒப்படைங்க.