கறிக்குள் ஒரு மாவுக்கட்டி

வணக்கம் நேயர்களே. வெறுப்புப் பேச்சும் நாட்டின் பாதுகாப்பும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. நான் ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து தொடங்குகிறேன்.

2018 பெப்ரவரி 26, இரவு. இலங்கையின் கிழக்கே அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் கடை. சாப்பிட வந்த சிங்களவர் கறிக்குள் ஏதோ கட்டியைக் கண்டு, மலட்டு மாத்திரை போட்டிருக்கிறாய் என்று சத்தம் போடுகிறார். காசு மேசையில் இருந்தவர் தமிழ் பேசுகிறவர், சிங்களம் அரைகுறை. மாவைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தோ, சூழ்ந்து நின்ற கூட்டத்துக்குப் பயந்தோ, ஆமாம் என்பதுபோல் ஏதோ சொல்லிவிட்டார். அது கைபேசியில் பதிவானது. கடையை நொறுக்கினார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். வீடியோ பேஸ்புக்கில் நாடெல்லாம் சுற்றியது.

அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தார்: வெறும் மாவுக்கட்டி! சரி, அதை விடுங்கள். சோற்றில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகத்திலேயே கிடையாது. எங்கே பேசினாலும் இதைச் சொல்கிறேன், இங்கேயும் இன்னொரு தடவை சொல்கிறேன்: கிடையாது. ஆனாலும் படித்தவர்களே நம்பினார்கள். ‘முஸ்லிம்கள் பெருகுகிறார்கள், நாம் குறைகிறோம்’ என்று சிங்களக் கடும்போக்காளர்கள் வருடக்கணக்காக மேடை போட்டுப் பேசியிருந்தார்களே!

ஒரு வாரத்தில் கண்டி மாவட்டத்துத் திகன. முஸ்லிம் இளைஞர்களுடனான தகராறில் அடிபட்ட சிங்கள லொறிச் சாரதி இறந்துபோக, முஸ்லிம்களுக்கு எதிராகக் கலவரம் வெடித்தது. மார்ச் 6ஆம் தேதி அவசரகால நிலை. மறுநாள் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் முடக்கம்.

பாதுகாப்பு என்றதும் நமக்குச் சோதனைச் சாவடிதான் ஞாபகம் வரும். ஆனால் உளவுத்துறைக்குத் துப்புக் கொடுப்பது ஊர்ச்சனம். காத்தான்குடியில், பின்னாளில் உயிர்த்த ஞாயிறு குண்டுத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானைப் பற்றி முன்பே முறையிட்டவர்கள் முஸ்லிம்கள்தான். கேட்க வேண்டியவர்கள் காதில் வாங்கவில்லை. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று வெடித்த குண்டுகளுக்கு 250க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில், அந்தக் குண்டுகளோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. இத்தனைக்கும் பிறகு ஒருவர் எந்த நம்பிக்கையில் பொலிஸ் நிலையத்துக்குப் போய்த் துப்புச் சொல்வார்? நான் கேட்பது இது ஒன்றுதான்.

சட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: இன, மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 2019இல் அதே சட்டத்தின்கீழ், சிறுகதை எழுதியதற்காக ஒரு சிங்கள எழுத்தாளரை மாதக்கணக்கில் சிறையில் வைத்தார்கள். மேடை போட்டவர்களில் பெரும்பாலானோர் வெளியேதான் இருந்தார்கள். நன்றி, வணக்கம்.