புள்ளின்னு நீங்க வைக்கிறது புள்ளியே இல்ல

வணக்கம் மக்களே! ஃபேன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, அதை நிறுத்திட்டு இந்த ரூம்ல உட்கார முடியாது.

எங்கக்கா பையன் ஆறாவது படிக்கிறான். நேத்து நோட்டைத் தூக்கிட்டு வந்து, "மாமா, புள்ளிக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாதுன்னு மிஸ் சொல்றாங்க. அப்ப நான் வெச்சது என்ன?"ன்னு கேட்டான். அந்த வயசுல எனக்கு இது தோணவே இல்லைங்க.

இங்க பாருங்க. பென்சிலை நல்லா கூரா சீவி வெச்சிருக்கேன். ஒரு புள்ளி. இப்ப கேமராவைக் கிட்ட கொண்டு போறேன்... ஃபோகஸ் ஆகட்டும்... ஆங், தெரியுதா? ஓரமெல்லாம் பிசிறடிச்சு, கரித்தூள் அப்பின ஒரு திட்டு. இதுக்குள்ளயே இன்னும் பத்து புள்ளி வைக்கலாம் போல இருக்கு. அப்ப இது புள்ளி இல்ல, புள்ளி இருக்கிற இடத்துக்கு நாம வெச்ச அடையாளம். புள்ளின்னா வெறும் இடம், அவ்வளவுதான்.

கி.மு. 300 வாக்குல அலெக்சாந்திரியாவுல இருந்த கிரேக்கக் கணித மேதை யூக்ளிட், பாகமே இல்லாததுதான் புள்ளி, அகலமே இல்லாத நீளம்தான் கோடுன்னு எழுதினார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா பாகம்னா என்ன, அகலம்னா என்னன்னு அந்தப் பையன் திருப்பிக் கேட்டா மாட்டிக்குவோம். 1899-ல ஹில்பர்ட்னு ஒரு ஜெர்மன் கணித மேதை, புள்ளி, கோடு, தட்டையான பரப்பான தளம்னு இந்த மூணுக்கும் விளக்கமே சொல்லாம, அதுங்களுக்குள்ள என்ன உறவுன்னு மட்டும் சொல்லி ஆரம்பிச்சார். எனக்கு அவர் வழிதான் பிடிச்சிருக்கு.

என்ன உறவு? கொத்தனார் நூல் பிடிக்கிறதைப் பார்த்திருப்பீங்க. ஒரு ஆணியில கட்டின நூலை எந்தப் பக்கம் வேணாலும் இழுக்கலாம். ரெண்டாவது ஆணியிலயும் விறைப்பா இழுத்துக் கட்டிட்டா, அது போக ஒரே வழிதான். ரெண்டு புள்ளி வழியா ஒரே ஒரு நேர்கோடு. ஆணிக்கும் ஆணிக்கும் நடுவுல இருக்கிறது கோட்டுத்துண்டு, அதைத்தான் ஸ்கேல் வெச்சு அளக்க முடியும். ஒரு பக்கம் மட்டும் முடிவே இல்லாம போனா கதிர். ரெண்டு பக்கமும் போனா கோடு. முடிவே இல்லாம போகுதுன்னு காட்டுற அம்புக்குறியை மறந்துடாதீங்க. "கோடு வரைக"ன்னு கேட்டதுக்கு அம்புக்குறி போடாம மார்க்கைக் கோட்டை விட்டவன் நான்.

ஒரே புள்ளியில கிளம்புற ரெண்டு கதிர் சேர்ந்தா கோணம். கதிரை நீட்டி வரைஞ்சா கோணம் பெருசாகாது. கைக்கடிகாரத்துலயும் சரி, சுவர்க்கடிகாரத்துலயும் சரி, மூணு மணிக்கு 90 டிகிரிதான்.

அடுத்தது தளம். நான் உட்கார்ந்திருக்கிற சேர் ஆடுது பாருங்க. டக் டக். நாலு கால் நுனியும் தரையில ஒண்ணா உட்காரல. எங்க பாட்டியோட முக்காலி மேடுபள்ளமான கொல்லைப்பக்கத்துல போட்டாலும் ஆடாது. ஏன்னா, ஒரே கோட்டுல இல்லாத மூணு புள்ளி எங்க இருந்தாலும் அது மூணும் சேர்ந்து ஒரே ஒரு தளத்துல உட்கார்ந்துடும். நாலாவதா ஒண்ணு வந்தாத்தான் வம்பு.

இருங்க, இந்தக் காலுக்கு ஒரு அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்துடறேன்... அட, இப்ப அந்தப் பக்கம் ஆடுது.