சூப்பர்மேனுக்குப் பல்வலி

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். மைக்செட்காரர் வரைக்கும் பெயர் சொல்லி என் அணித் தலைவர் வணக்கம் வைத்துவிட்டார். என் பங்கும் அதிலேயே அடக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். சூப்பர்மேன், பேட்மேன் மாதிரி அதிரடி நாயகர்கள் ஒன்றுசேர்கிற, 2017-ல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படம் கவிழ்ந்ததற்குப் பெரிதும் காரணம் கதைக் குழப்பமா, கை மாறிய தயாரிப்பா? கதைதான் என்கிறது எதிரணி. கை மாறியதுதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பல்வலிக் கதை.

2017 நவம்பர் 17, வெள்ளிக்கிழமை. படம் வந்த அன்றைக்கே என் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கு அப்போது எட்டு வயது. தமிழ் டப்பிங். விளக்கை அணைத்தார்கள். முதல் காட்சியில் சின்னப் பையன்கள் செல்போனைப் பிடித்துக்கொண்டு சூப்பர்மேனைப் பேட்டி எடுக்கிறார்கள். "இந்தப் பூமியில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது?" என்று கேட்கிறார்கள். அவர் யோசிக்கிறார். மெல்லச் சிரிக்கிறார். கண் சிரிக்கிறது. கன்னம் சிரிக்கிறது. மேலுதடு மட்டும், கல்யாண வீட்டில் பந்தி தெரியாமல் நிற்கிற விருந்தாளி மாதிரி, எதிலும் ஒட்டாமல் தனியாக நிற்கிறது.

தியேட்டர் முழுக்க நிசப்தம். என் மகன் கேட்டான்: "அப்பா, சூப்பர்மேனுக்குப் பல்வலியா?"

முன் வரிசையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் "உஷ்" என்றேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்கும் படத்தில் வேறு எதுவும் தெரியவில்லை, அந்த உதடுதான் தெரிந்தது. இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கிறேன். பின்னால் யாரோ முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து, "தம்பி, பல்வலின்னு சொன்னது நீதானே? நானும் அப்பலேர்ந்து அதையேதான் பாத்துக்கிட்டிருக்கேன், கதையே ஏற மாட்டேங்குது" என்றார். நடுவர் அவர்களே, கதை ஏறவில்லை என்றார் பாருங்கள். எதிரணி இதைத் தங்கள் கணக்கில் எழுதிக்கொள்ளும். எழுதட்டும். கதையை ஏறவிடாமல் வாசலிலேயே மறித்து நின்றது எது? உதடு.

வீட்டுக்கு வந்தோம். பையன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பாட்டியிடம் சொன்னான்: "பாட்டி, சூப்பர்மேனுக்குப் பல்வலி."

எங்கள் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்காமல், "ஒரு கிராம்பை வச்சுக் கடிச்சுக்கச் சொல்லுடா" என்றார்.

"அவர் செத்துப் போயிட்டார் பாட்டி."

"அடப்பாவமே. பல்வலியிலயா?"

"இல்ல பாட்டி, போன படத்துல செத்தார். இந்தப் படத்துல பெட்டி ஒண்ணு வச்சு உயிர் வரவெச்சுட்டாங்க."

அம்மா அப்போதுதான் தலையைத் தூக்கினார். "போன உசுரைக் கொண்டாரத் தெரிஞ்சவனுங்களுக்கு ஒரு பல்லைப் புடுங்கத் தெரியலையா?"

பின் வரிசைக்குக் கேட்டிருக்காது, மறுபடி சொல்கிறேன். போன உசுரைக் கொண்டாரத் தெரிஞ்சவனுங்களுக்கு ஒரு பல்லைப் புடுங்கத் தெரியலையா! அந்தப் படத்துக்கு எத்தனையோ விமர்சனங்கள் படித்தேன் நடுவர் அவர்களே. கீரைக் கட்டுக்குப் பக்கத்திலிருந்து வந்த இந்த ஒரு வரியை எதுவும் மிஞ்சவில்லை.

சரி, அந்த உதட்டுக்கு என்ன ஆனது? படத்தை எடுத்தவர் ஜாக் ஸ்னைடர். 2016-ல் லண்டன் பக்கம் படப்பிடிப்பு நடந்தது. அப்போது சூப்பர்மேன் ஹென்றி கேவில் மழுமழு முகத்தோடு நடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். 2017 மே மாதம் ஸ்னைடர் விலகுகிறார். ஏன் விலகினார் என்பதை அப்புறம் சொல்கிறேன். அவர் இடத்துக்கு ஜாஸ் வீடன் வருகிறார். அங்கே திருத்து, இங்கே சேர், சிரிப்புக்கு ஒரு வசனம் போடு என்று கிட்டத்தட்ட இரண்டு மாதம் மறுபடி எடுக்கிறார்கள். கேவிலைக் கூப்பிடுகிறார்கள். வந்து நிற்கிறார். மூக்குக்குக் கீழே கருகருவென்று ஒரு மீசை! இதற்கிடையில் 'மிஷன் இம்பாசிபிள்' படத்தில் நடிக்கப் போயிருந்தார். அது பாரமவுண்ட் நிறுவனத்தின் படம். இது வார்னர் பிரதர்ஸ் படம். மீசையை எடுக்கக் கூடாது என்று பாரமவுண்ட் சொல்லிவிட்டது. வேறு வழியில்லாமல் மீசையோடு எடுத்து, கம்ப்யூட்டரில் அதை அழித்தார்கள்.

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்று நம்மூரில் சொல்வார்கள். இத்தனை காலம் அது வெறும் பழமொழி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில்தான் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு குத்து குத்தினார். தம் மீசையை இரண்டு பக்கமும் நீவிவிட்டுக்கொண்டு, "மீசையே இல்லாத ஒருத்தர் மீசைக்காக வாதாட வந்திருக்கிறார் நடுவர் அவர்களே" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். பரவாயில்லை.

அண்ணே, எனக்கு மீசை இல்லைதான். கல்யாணத்துக்கு முன்னால் இருந்தது. பெண் பார்க்கப் போன அன்று என் மனைவி தன் தங்கையிடம், "மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்கார், அந்த மீசைதான் ஒட்டவெச்ச மாதிரி இருக்கு" என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் சலூனுக்குப் போனேன். நாற்பது ரூபாய். கம்ப்யூட்டர் இல்லை, ஏழு கடல் தாண்டி யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. எடுத்தாச்சு. என் சிரிப்பைப் பாருங்கள். கண்ணும் உதடும் சேர்ந்துதானே சிரிக்கிறது? மீசை இல்லாதது குறை இல்லை அண்ணே. சூப்பர்மேனுக்கு என்றைக்குமே மீசை கிடையாது, அவரை வேண்டாம் என்றா சொன்னோம்? இருக்கிற மீசையை இல்லை என்று சாதித்தார்களே, அதுதான் குறை. நீங்கள் உங்கள் மீசையைத் தாராளமாக நீவுங்கள். ஆனால் நாளைக்கு ஒருவர் வந்து, "அண்ணே, நீங்க பேசும்போது மட்டும் மீசை தெரியக் கூடாது, பேசி முடிச்சதும் தெரியணும்" என்று சொன்னால் உங்கள் முகம் எப்படிப் போகும்? அதோ, இப்போது போனதே, அந்த முகத்தைத்தான் வார்னர் பிரதர்ஸ் நமக்குக் காட்டியது.

கீழே விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ள வேறு யாருக்கும் வழி இருக்கும். அந்தப் படத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. விழுவதற்கு முன்னாலேயே மீசையை அழித்துவிட்டார்கள்!

அண்ணன் இன்னொன்றும் சொன்னார், மூன்று பெட்டி, தலை சுற்றுகிறது என்று. எனக்கும் சுற்றியது, ஒத்துக்கொள்கிறேன். அமேசான் என்கிற போர்வீரப் பெண்களிடம் ஒன்று, கடலுக்கடியில் ஒன்று, மனிதர்களிடம் ஒன்று. மூன்றும் சேர்ந்தால் பூமி காலி. அந்த மூன்றாவது பெட்டியை வைத்துத்தான் சூப்பர்மேனை எழுப்புகிறார்கள். எழுப்பிவிட்டு, பெட்டியைக் கேட்பாரற்றுப் போட்டுவிட்டு எல்லோரும் அவரோடு மல்லுக்கட்டுகிறார்கள். வில்லன் ஸ்டெப்பன்வுல்ஃப் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். நம் பஸ் ஸ்டாண்டில் ஒரு மஞ்சப்பையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் "கொஞ்சம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். இவர்கள் உலகத்தைக் காப்பாற்ற வந்தவர்கள்.

கடைசிச் சண்டையைப் பாருங்கள். ஊரே வெறிச்சோடிக் கிடக்கிறது. படம் முழுக்க நமக்குக் காட்டியது ஒரே ஒரு குடும்பம். மின்னல் வேகத்தில் ஓடுகிற நாயகன் ஃபிளாஷ், அந்தக் குடும்பத்தின் வண்டியை முக்கி முக்கித் தள்ளிக் காப்பாற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்கிறார். சூப்பர்மேன் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தையே தோளில் தூக்கிக்கொண்டு பறக்கிறார். உள்ளே முழுக்க ஜனங்கள்! இத்தனை பேரும் இவ்வளவு நேரம் எங்கே இருந்தார்கள்? ரேஷன் கார்டு கணக்கிலேயே வராத ஜனங்கள்.

இது கதையின் குழப்பம்தானே என்று அண்ணன் எழுந்திருக்கப் பார்க்கிறார். உட்காருங்கள் அண்ணே. 2021 மார்ச்சில் ஸ்னைடர் தாம் நினைத்த படத்தை வெளியிட்டார். 242 நிமிடம். முதலில் வந்தது 120 நிமிடம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு என்று அப்போதே செய்தி வந்தது. அந்த நாலு மணி நேரப் படத்தில் அந்தக் குடும்பமும் இல்லை, பறக்கிற கட்டிடமும் இல்லை. அவை இரண்டும் கை மாறிய பிறகு வந்து ஒட்டியவை. ஜன்கி எக்ஸ்எல் என்ற இசையமைப்பாளர் போட்டுவைத்த இசையைக்கூடத் தூக்கிவிட்டு டேனி எல்ஃப்மேனைப் போட்டார்கள். ஏறக்குறைய 30 கோடி டாலர் செலவு. வந்தது உலகம் முழுக்க 65 கோடி சொச்சம். அதில் ஏறக்குறைய பாதி தியேட்டர்காரருக்குப் போகும். முந்தின வருஷம் பேட்மேனும் சூப்பர்மேனும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்ட படம் 87 கோடி வசூலித்தது. சண்டை போட்டால் 87, ஒற்றுமையாக வந்தால் 65. கூட்டுக் குடும்பத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. அப்புறம் சொல்கிறேன் என்றேனே, அதைச் சொல்லிவிடுகிறேன்.

2017 மார்ச் மாதம் ஸ்னைடரின் மகள் இறந்துபோனார். இருபது வயது. வேலையில் மூழ்கினால் தாங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் முயன்று பார்த்தார். முடியவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார். அவர் விட்டுப்போன படத்தைத்தான் கை மாற்றினார்கள். தியேட்டரில் வந்த அந்தப் படத்தை அவர் இன்றுவரை பார்த்ததில்லை என்கிறார். அவர் மனைவியும் கிறிஸ்டோபர் நோலனும் போய்ப் பார்த்துவிட்டு, இதை நீ பார்க்கவே கூடாது என்று சொன்னார்களாம். ரசிகர்கள் அவருடைய படத்தைக் கேட்டுப் போராடியபோது, தற்கொலைத் தடுப்புக்காக வேலை செய்கிற ஓர் அமெரிக்க அமைப்புக்கு 5 லட்சம் டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்தார்கள். கடைசியில் வந்த படத்தை அவர் மகளுக்குத்தான் சமர்ப்பித்திருக்கிறார்.

அந்தப் படத்தை நானும் என் மகனும் வீட்டில் பார்த்தோம். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதில் சைபார்க் என்று ஒரு பையன், ஒரு விபத்துக்குப் பிறகு பாதி இயந்திரமாகிப் போனவன். விபத்துக்கு முன்னால் அவன் நல்ல விளையாட்டுக்காரன். மைதானத்தில் ஓடுகிறான். அம்மா கேலரியில் உட்கார்ந்து கத்துகிறாள். பக்கத்து இருக்கை காலி. அப்பா வரவில்லை. விஞ்ஞானி, வேலை. தியேட்டரில் வந்த படத்தில் இதெல்லாம் இல்லை. அதில் கேட்பாரற்றுக் கிடந்ததே மூன்றாவது பெட்டி, இதில் அதே பெட்டிக்காக அந்த அப்பா மகன் கண் முன்னாலேயே எரிந்துபோகிறார். முன்பு அப்பா பேசிப் பதிவு செய்து கொடுத்த டேப்பை அந்தப் பையன் கோபத்தில் நசுக்கியிருப்பான். கடைசியில் அதைச் சரிசெய்து உட்கார்ந்து கேட்கிறான்.

காலி இருக்கை வந்த இடத்தில் என் மகன் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான். "அப்பா, நான் அஞ்சாவது படிக்கும்போது ஆண்டு விழாவுல டான்ஸ் ஆடினேன்ல, அன்னிக்கு நீங்க எந்த ஊர்ல இருந்தீங்க?"

ஊர் ஞாபகம் இல்லை. தலைப்பு ஞாபகம் இருந்தது. 'பிள்ளைகள் மீது அதிக அக்கறை தாய்க்கா, தந்தைக்கா?' நான் தந்தைக்கே என்று பேசினேன் நடுவர் அவர்களே. தீர்ப்பும் எங்கள் பக்கம்தான் வந்தது. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? "படத்தைப் போடுடா" என்றேன். போட்டான். அந்த டேப் ஓடுகிறபோது நான் தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி சமையலறைக்குப் போய் நின்றுகொண்டேன். அங்கே எங்கள் அம்மா, "என்னடா, பல்வலியா?" என்றார்.

ரெண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். முடித்துக்கொள்கிறேன். என் மகன் இன்றைக்கு வந்திருக்கிறான். மூன்றாவது வரிசை, நீலச் சட்டை. பிளஸ் டூ படிக்கிறான், மீசை அரும்பியிருக்கிறது. பஸ்ஸில் வரும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டான்: "அப்பா, என்ன வேணா பேசுங்க, அந்தப் பல்வலிக் கதையை மட்டும் சொல்லாதீங்க." சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன்.

மன்னிச்சுக்கடா கண்ணு. வணக்கம்.