பட்டியலில் இல்லாத 'வெல்'

நேயர்களுக்கு வணக்கம்.

ஆங்கிலத்தில் சொல்வகை எட்டு என்று பள்ளியில் படித்தோம். பெயர்ச்சொல்லில் தொடங்கும் அந்த வரிசையில் கடைசியாக வருவது இன்டர்ஜெக்ஷன். தமிழில் அதை வியப்பிடைச்சொல் என்கிறோம். வினைச்சொல்லின் காலங்களுக்கு ஒரு பருவம் முழுவதையும் கொடுக்கிற வகுப்பறை, இதற்கு அரை மணி நேரம் கொடுத்தால் அதிகம். மகிழ்ச்சி என்றால் 'ஹுர்ரா', துயரம் என்றால் 'அலாஸ்', பாராட்டு என்றால் 'பிராவோ', சத்தம் போடாதே என்றால் 'ஹஷ்'. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வியப்புக்குறி. அத்துடன் பாடம் முடிந்துவிடும்.

ஆங்கிலம் கற்பிக்கிறவர்களில் ஒருவனாகச் சொல்கிறேன், இந்தப் பட்டியல் நம் பிள்ளைகளுக்குப் பெரிதாக உதவுவதில்லை. துயரச் செய்தி கேட்ட ஆங்கிலேயர் யாரும் இன்று 'அலாஸ்' என்று கதறுவதில்லை. அந்தச் சொல் பெரும்பாலும் எழுத்தில், 'என்ன செய்வது, அப்படி ஆகிவிட்டது' என்ற தொனியில்தான் வருகிறது. பட்டியலில் இடம்பெறாத 'வெல்', 'ஓ', 'அம்' போன்றவையோ ஐந்து நிமிடப் பேச்சில் பலமுறை வந்துபோகும். அகராதிகள் இவற்றையும் வியப்பிடைச்சொல் என்றே குறிக்கின்றன. மொழியியலாளர்களில் சிலர் இவற்றில் சிலவற்றுக்கு உரையாடல் குறி என்று வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவாகவும் இருக்கட்டும். ஆங்கிலம் காதில் விழுந்தும் விளங்காமல் போகிற இடங்களில் பல, இந்தச் சின்னஞ்சிறு சொற்கள் இருக்கிற இடங்கள்தான்.

'வெல்' என்பதையே எடுத்துக்கொள்வோம். தொலைபேசியில் ஒருவர் கேட்கிறார்: ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு வருகிறீர்களா? மறுமுனையில் இருப்பவர், "வெல்... ஐ ஹேவ் அன் எக்ஸாம் ஆன் மண்டே" என்கிறார். திங்கட்கிழமை தேர்வு இருக்கிறது என்பதுதான் அவர் சொன்ன செய்தி. வரவில்லை என்ற சொல் அதில் எங்குமே இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் புழங்குகிறவருக்கு 'வெல்' காதில் விழுந்த கணத்திலேயே பதில் தெரிந்துவிடுகிறது. தேர்வைப் பற்றிய பகுதி அதற்கான காரணம் மட்டுமே. வருவதாக இருந்தால் இழுத்திருக்க மாட்டார். கேட்ட மாத்திரத்தில் 'ஆம்' வந்திருக்கும்.

நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை, நீங்கள் எதிர்பார்க்கிற பதிலும் இல்லை, கொஞ்சம் பொறுங்கள் என்று அந்த ஓரசைச் சொல் அறிவித்துவிடுகிறது. மறுப்பவரின் மரியாதையும் அதில்தான் இருக்கிறது. நம் மாணவர் 'நோ' என்ற சொல்லுக்காகக் காத்திருப்பார். அது வராததால், இவர் வருவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசி வேலை வாங்குகிற இன்றைய இளைஞருக்கு இது சின்ன விஷயமே அல்ல. "இந்த விலை உங்களுக்குச் சரிதானே?" என்று கேட்டு "வெல்..." என்று பதில் வந்தால், பேரம் அங்கே முடியவில்லை, தொடங்குகிறது.

அடுத்தது 'ஓ'. வானொலியில் பேசுவதில் ஒரு வசதி, இதைச் செய்தே காட்டலாம். குரலை இறக்கி, 'ஓ.' இப்போது ஏற்றி, 'ஓ?' இனி நீட்டி, ஏறி இறங்கி, 'ஓ...ஹ்.' முதலாவது, தெரிந்துகொண்டேன் என்கிறது. இரண்டாவது, அப்படியா, மேலே சொல்லுங்கள் என்கிறது. மூன்றாவது, இவ்வளவு நேரம் புரியாமல் இருந்தது இப்போதுதான் புரிகிறது என்கிறது. அச்சிட்ட பக்கத்தில் மூன்றும் ஒன்றுதான். அதனால்தான் வியப்பிடைச்சொல்லைப் புத்தகத்தால் மட்டும் கற்பிக்க முடியாது என்கிறேன்.

ஜான் ஹெரிடேஜ் என்ற சமூகவியலாளர் 1984இல் இந்த 'ஓ'வை உரையாடல் பதிவுகளில் கேட்டு ஆராய்ந்து ஒன்றைச் சொன்னார்: எனக்குத் தெரிந்திருந்ததில் இப்போது ஒரு மாற்றம் ஏற்பட்டது என்பதை எதிரில் இருப்பவருக்குக் காட்டுவதுதான் இதன் வேலை. கூட்டம் ரத்தாகிவிட்டது என்று ஒருவர் சொல்லி, கேட்டவர் 'ஓ' என்று சொல்லாவிட்டால், செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற சந்தேகம் சொன்னவருக்கு வந்துவிடும். வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்டு, மாணவர் சரியான விடை சொல்கிறார். ஆசிரியர் 'ஓ' என்பாரா? மாட்டார். விடை அவருக்கு முன்பே தெரியும். செய்திப் பேட்டிகளிலும் பேட்டி காண்பவர் வாயிலிருந்து 'ஓ' அநேகமாக வராது. செய்தி தனக்காக அல்ல, கேட்டுக்கொண்டிருக்கிற நேயர்களுக்காக என்பது அவருக்குத் தெரியும். ஆங்கில நேர்காணல் ஒன்றைக் கவனித்துக் கேளுங்கள், இது உங்களுக்கே பிடிபடும்.

தமிழ்க் காதுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். நாம் வாயைத் திறக்காமல் 'ம்ஹூம்' என்றால் இல்லை, வேண்டாம், மாட்டேன் என்று பொருள். ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட அதே ஒலியைக் குரல் உயர்த்தி முடித்தால், சரி, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். தொலைபேசியில் முகமும் தெரியாது, தலையசைப்பும் தெரியாது. எதிர்முனைக்காரர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'இல்லை இல்லை' என்கிறார் என்று எண்ணி, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. யாரும் கற்பிக்கவில்லையே!

சரி, இத்தனை வேலை செய்கிற சொல்வகை ஏன் கடைசிக்குப் போனது? கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த டயோனிசியஸ் திராக்ஸ் பெயரில் வழங்கும் கிரேக்க இலக்கணத்தில் சொல்வகை எட்டு உண்டு. அதில் இது தனி வகை இல்லை. வினையடைகளுக்குள் அடங்கியிருந்தது. லத்தீனில் 'தி' போன்ற சுட்டுச் சொல் கிடையாது என்பதால், ரோமானியர்கள் அந்த வகையை விட்டுவிட்டு, வியப்பிடைச்சொல்லைத் தனியே பிரித்தெடுத்தார்கள். கணக்கு மறுபடியும் எட்டாகவே நின்றது. ஆங்கிலம் அந்த லத்தீன் சட்டத்தை அப்படியே வாங்கிக்கொண்டது. சுமார் 1000ஆம் ஆண்டில் ஏல்ஃப்ரிக் என்ற துறவி, சிறுவர்களுக்காக லத்தீன் இலக்கணத்தை ஆங்கிலத்திலேயே எழுதினார். 'ஹா ஹா', 'ஹி ஹி' என்பவை லத்தீனிலும் ஆங்கிலத்திலும் சிரிப்பைக் குறிக்கும் என்று அதில் எழுதியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு நம் கைப்பேசிச் செய்திகளிலும் அதே 'ஹா ஹா'தான்!

எல்லோரும் ஏல்ஃப்ரிக்கைப் போலப் பரிவோடு பார்க்கவில்லை. 1786இல் ஜான் ஹார்ன் டூக் என்ற ஆங்கிலேயர், குதிரை கனைப்பதையும் பசு கத்துவதையும் தும்மலையும் இருமலையும் சொல்வகை என்று ஒப்புக்கொண்டால் இதையும் ஒப்புக்கொள்ளலாம் என்ற பாணியில் எழுதினார். அடக்க முடியாமல் வாயிலிருந்து வெளியேறும் ஓசை, அவ்வளவுதான் என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் இன்றைய பாடப்புத்தகம் வரை தொடர்கிறது.

இது தவறு என்பதற்கு 'ஊப்ஸ்' ஒன்றே போதும். கையிலிருந்த தம்ளர் நழுவினால் ஆங்கிலத்தில் 'ஊப்ஸ்' என்பார்கள். தானாகவே வருகிற ஒலி என்றால், தனியாக இருக்கும்போதும் நாலு பேர் நடுவிலும் அது ஒரே மாதிரி வர வேண்டும். 1978இல் எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் காட்டியது வேறு: இந்தச் சொல், பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கானது. இது கை தவறியது மட்டுமே, மற்றபடி நான் நிதானத்தில்தான் இருக்கிறேன் என்று அவர்களுக்குச் சொல்வது. தடுக்கி விழப்போகிற குழந்தையைப் பார்த்துத் தாய் 'ஊப்ஸ்' என்கிறாளே, கை தவறியது அவளுக்கா? பெரிய விபத்துக்கு யாரும் இப்படிச் சொல்ல மாட்டார்கள் என்பதையும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். சின்னத் தவறு என்று அறிவிக்கிற சொல் அது. அடுத்தவருக்குப் பெரும் நஷ்டம் ஏற்பட்ட இடத்தில் அதைச் சொன்னால் புண்படுத்திவிடும்.

'அம்' என்ற தயக்கமும் இப்படித்தான். 2002இல் ஹெர்பர்ட் கிளார்க், ஜீன் ஃபாக்ஸ் ட்ரீ என்ற இரு உளவியலாளர்கள், 'அ' என்று நின்றால் தாமதம் சிறிது, 'அம்' என்று நின்றால் தாமதம் அதிகம் என்று பேச்சுப் பதிவுகளைக் கொண்டு வாதிட்டார்கள். அதாவது, என் முறை இன்னும் முடியவில்லை, குறுக்கே வராதீர்கள் என்று கேட்பவருக்குக் கொடுக்கிற அறிவிப்பு.

காதில் விழாதபோது 'ஹ?' என்று கேட்பதை ஒரு ஆய்வுக் குழு பத்து மொழிகளில் ஒப்பிட்டு 2013இல் கட்டுரை வெளியிட்டது. ஈக்வடாரின் சாபலா, கானாவின் சிவு, லாவோஸின் லாவோ என ஒன்றுக்கொன்று உறவே இல்லாத மொழிகள் அதில் இருந்தன. எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே வடிவம்: குறுகிய ஓர் உயிரொலி, பெரும்பாலும் ஏறுகிற குரல். நாமும் 'ஆங்?' என்கிறோம். ஆங்கிலம் பயில்கிறவர் கவனிக்க வேண்டியது, 'ஹ?' நண்பர்களோடு நிற்கட்டும். மேலதிகாரியிடம் 'சாரி?' என்றோ 'பார்டன்?' என்றோதான் கேட்க வேண்டும்.

மரியாதை என்று வந்தபிறகு ஆணைச் சொற்களை, அதாவது சத்தியம் செய்யும் சொற்களைத் தாண்டிப் போக முடியாது. ஆங்கில வியப்பிடைச்சொற்களில் கணிசமான பகுதி, கடவுள் பெயரால் இட்ட ஆணைகளிலிருந்து வந்தது. 1606இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. நாடக மேடையில் கடவுள் பெயரை விளையாட்டாகச் சொன்னால் பத்து பவுண்டு அபராதம். அதன் சுவடு ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோவில் தெரிகிறது. 1622இல் அச்சான பிரதியில் முதல் காட்சியிலேயே இயாகோ 'ஸ்ப்ளட்' என்று வெடிக்கிறான். கடவுளின் இரத்தத்தின் மீது ஆணை என்பதன் சுருக்கம் அது. அடுத்த ஆண்டு வெளிவந்த ஷேக்ஸ்பியர் நாடகப் பெருந்தொகுப்பில் அந்தச் சொல் இல்லை. அந்த நாடகத்தில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆணைச் சொற்கள் இப்படிக் காணாமல் போயிருக்கின்றன. மேடையில் தடுத்தால் தெருவில் நின்றுவிடுமா? பெயரைக் கொஞ்சம் திரித்துச் சொல்லத் தொடங்கினார்கள். 'காட்' என்பது 'காஷ்' ஆனது, 'ஜீசஸ்' என்பது 'ஜீ' ஆனது, 'டேம்' என்பது 'டார்ன்' ஆனது. இன்றும் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள் பலருக்கு 'ஓ மை காட்' என்று எதற்கெடுத்தாலும் சொல்வது பிடிக்காது. அவர்கள் 'ஓ மை காஷ்' என்பார்கள். நம் பிள்ளைகள் தொலைக்காட்சியில் கேட்டு முதலாவதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது எந்த இடத்தில் உறுத்தும் என்று சொல்லிக்கொடுப்பது நம் பொறுப்பு.

எழுதும்போது நினைவில் வைக்க வேண்டியது கொஞ்சம்தான். உணர்ச்சி பெரிதென்றால் வியப்புக்குறி, மெல்லியதென்றால் வெறும் காற்புள்ளி. 'வெல்'லுக்கும் 'ஓ'வுக்கும் பெரும்பாலும் காற்புள்ளியே போதும். அலுவலகக் கடிதத்தில் இவை எதுவும் வேண்டாம்.

ஆங்கிலம் இந்த வகையில் கொடுத்தது மட்டும் அல்ல, வாங்கியும் இருக்கிறது. நம் 'ஐயோ' 2016இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆங்கிலம் பேசும்போது வருத்தத்தையும் துயரத்தையும் காட்ட வழங்குவது என்று பதிவாகியிருக்கிறது. ஆங்கிலம் பேசும்போது 'ஐயோ' வந்துவிட்டதே என்று கூனிக் குறுகும் மாணவர்களிடம் இதை நான் அவசியம் சொல்வேன்.

முடிப்பதற்கு முன் வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் கேள்வியில் 'அலாஸ்' வந்தால், 'துயரத்தோடு கூவினான்' என்று மாற்ற வேண்டும் என்பது நம் வழக்கம். ஆங்கிலத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. 'எனக்கு வலிக்கிறது' என்பதை அயற்கூற்றாக்கலாம், எதிர்மறையாக்கலாம், பொய் என்று மறுக்கவும் செய்யலாம். 'அவுச்' என்பதை இதில் எதுவும் செய்ய முடியாது. அது வாக்கியத்துக்குள் அடங்காதது. சொன்ன இடத்தில், சொன்ன குரலில் மட்டும் உயிரோடு இருப்பது. அந்தக் கேள்வியை எடுத்துவிட்டு, ஒரு சிறு உரையாடலை ஒலிக்கவிட்டு, "இவர் 'வெல்' என்று தொடங்கினாரே, வருகிறாரா, வரவில்லையா?" என்று கேளுங்கள். இரண்டு மதிப்பெண் போதும்.

நன்றி. வணக்கம்.