சவளை எடுக்கும் முன் பக்கச் சுவரைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. நான் ரொறன்ரோவில் பர்னஸ், அதாவது வீட்டைச் சூடாக்கும் இயந்திரம், திருத்தும் தொழில் செய்கிறவன். ஸ்னோ காலத்தில் வீட்டைப் பார்த்துக்கொள்வது பற்றிக் கதைக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

2022 ஜனவரி 17 உங்களுக்கு நினைவிருக்கும். நகரின் சில பகுதிகளில் ஒரே நாளில் அரை மீற்றர் அளவுக்குப் பனி கொட்டியது. கார்டினர், டொன் வலி பார்க்வே என்ற இரண்டு பெரிய நெடுஞ்சாலைகளையும் மூடவேண்டி வந்தது. இப்படிக் கொட்டினால், விடிந்ததும் நாங்கள் பனி அள்ளும் சவளை எடுத்துக்கொண்டு நேரே டிரைவ்வேக்குத்தான் போகிறோம். தயவுசெய்து முதலில் வீட்டின் பக்கச் சுவருக்குப் போங்கள்.

அங்கே முழங்கால் உயரத்தில், பெரும்பாலும் வெள்ளை பிளாஸ்டிக்கில், இரண்டு குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றால் பர்னஸ் காற்றை இழுக்கிறது, மற்றதால் எரிந்த வாயுவை வெளியே விடுகிறது. ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் பல வீடுகளுக்கு நடுவே ஓர் ஆள் நடக்கிற அளவுதான் இடைவெளி. பனியை ரோட்டில் தள்ளக்கூடாது என்பது மாநகர விதி. அதனால் அள்ளுகிற பனியை அந்த இடைவெளிக்குள் எறிகிறோம். பக்கத்து வீட்டுக்காரரும் தன் பங்குக்கு எறிகிறார். குழாய் புதைந்துபோகிறது. வானத்திலிருந்து விழுந்த பனியைவிட, நாங்களே எறிந்த பனியால் அடைபட்ட குழாய்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

குழாயைச் சுற்றிக் கையால் பனியை விலக்குங்கள். குழாயின் வாயில் ஐஸ் கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். காஸ் மீற்றர் மேல் கிடப்பதைத் தும்புத்தடியால் மெல்லத் தட்டிவிடுங்கள். சவளால் இடிக்கவே வேண்டாம்.

குழாய் அடைபட்டால் புதிய பர்னஸ்கள் பெரும்பாலும் தாமாகவே நின்றுவிடும். வீடு குளிரும். அந்த நேரம் காஸ் அடுப்பைக் கொளுத்தி வைத்தோ பார்பிகியூவை உள்ளே கொண்டுவந்தோ குளிர்காய நினைக்காதீர்கள். பழைய பர்னஸ் என்றால், வெளியே போகவேண்டிய வாயு வீட்டுக்குள்ளேயே திரும்பலாம். அதில் இருக்கிற கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடிக்கும், தலை சுற்றும், சத்தி வரும். காய்ச்சல் வரப்போகுது என்று மாத்திரை போட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். அந்த நித்திரைதான் ஆபத்து.

எனக்குப் பெரிய கவலை நிலத்துக்குக் கீழே பேஸ்மன்டில் வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றித்தான். பர்னஸ் அவர்களுக்குப் பக்கத்து அறையில். அவசரத்துக்கு வெளியேற யன்னல் ஒன்றுதான் வழி என்றால், அந்த யன்னலுக்கு வெளியே இருக்கிற குழியும் பனியால் மூடிக் கிடக்கும். மேலே இருக்கிற வீட்டுக்காரர்களே, டிரைவ்வேக்கு முன்னால் அந்தக் குழியையும் துப்புரவாக்கிவிடுங்கள்.

அப்புறம், சவள் பிடிப்பவரின் நெஞ்சு. இரண்டு கார் நிற்கிற டிரைவ்வேயில் 20 சென்ரிமீற்றர் விழுந்தால், லேசான பனி என்றாலும் அரைத் தொன் எடை வரும். பெரிய ஸ்னோவுக்கு மறுநாள் ஆண்களுக்கு மாரடைப்பு கூடுவதைக் கியூபெக்கில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. எங்கள் ஆட்களில் சலரோகமும் பிரஷரும் எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். ஐயாமாரே, கொஞ்சம் கொஞ்சமாக அள்ளுங்கள், முடிந்தால் தூக்காமல் தள்ளி விடுங்கள். நெஞ்சு நோ வந்தால் இன்னும் கொஞ்சம்தானே என்று நிற்காமல் அவசர இலக்கம் 911 எடுங்கள்.

கடைசியாக, அலார்ம். காஸ் பாவிக்கிற வீடுகளில் படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் கார்பன் மொனொக்சைட் அலார்ம் இருக்கவேண்டும் என்பது 2014 முதல் ஒன்ராறியோவில் சட்டம். இன்றைக்கே கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள், காலாவதித் திகதி இருக்கும். அலார்ம் அடித்தால் காரணம் தேடிக்கொண்டு நிற்கவேண்டாம். பேஸ்மன்டில் இருப்பவர்களையும் எழுப்பி, எல்லோரும் ஜாக்கெட்டோடு வெளியே வந்து நின்று 911 எடுங்கள். தீயணைப்புப் படையினர் அளந்து பார்த்து, உள்ளே போகலாம் என்று சொல்லும்வரை ஒருவரும் திரும்பப் போகவேண்டாம்.

நன்றி, வணக்கம்.