வாசலில் நிற்கும் நாடுகளின் கையொப்பம்

(கிளிநொச்சியில் ஆசிரியர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

ஜெனீவா என்ற ஊரை வன்னியில் பள்ளிக்கூடம் போகாத தாயும் அறிவாள். 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி அமர்ந்த அன்னையர், பங்குனி பிறந்தால் அந்த ஊரைத்தான் பார்த்திருந்தார்கள். 2021இல் அங்கே ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இலங்கை பற்றிய 46/1 தீர்மானத்தைக் கொண்டுவந்த மையக் குழுவில் பிரித்தானியா, கனடா, ஜேர்மனி, மலாவி ஆகியவற்றோடு மொன்டினீக்ரோவும் வட மசிடோனியாவும் இருந்தன. மொன்டினீக்ரோவின் சனத்தொகை ஆறு இலட்சத்தைச் சற்றே தாண்டும். அந்த நாட்டுக்கு நம்மிடம் என்ன அக்கறை என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

மொன்டினீக்ரோ, வட மசிடோனியா இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருக்கும் வேட்பாளர் நாடுகள். ஒன்றியம் சொல்லித்தான் அவை மையக் குழுவில் சேர்ந்தன என்று நான் கூறவில்லை. ஆனால் காத்திருக்கும் நாடு எந்தப் பக்கம் நிற்கப் பழகிக்கொள்கிறது என்பது அதில் தெரிகிறது.

ஒன்றியத்தின் வெளியுறவு அறிக்கை ஒன்றை எடுத்து, முதலில் அதன் கடைசிப் பந்தியைப் படியுங்கள். இன்னின்ன வேட்பாளர் நாடுகளும் இதனுடன் இணங்குகின்றன என்று பெயர்கள் வரிசையாக இருக்கும். முடிவு எடுப்பவை 27 உறுப்பு நாடுகள், அதுவும் ஏகமனதாக. வேட்பாளருக்கு அங்கே வாக்கு இல்லை. எழுதி முடித்த பிறகுதான் ‘நீங்களும் சேர்கிறீர்களா?’ என்ற அழைப்பு வரும். சேர்க்கைப் பேச்சுவார்த்தையின் 31ஆம் அத்தியாயமே வெளியுறவும் பாதுகாப்பும்தான். ஆண்டறிக்கையில் எத்தனை முறை இணங்கினாய் என்று விழுக்காடு போட்டுக் காட்டுவார்கள்.

இணங்குவது இலவசமல்ல. 2014இல் ஒன்றியம் ரஷ்யா மீது விதித்த தடைகளில் மொன்டினீக்ரோ சேர்ந்தது. அதன் கடற்கரையில் ரஷ்யப் பணமும் ரஷ்ய உல்லாசப் பயணிகளும் நிறைந்திருந்த காலம் அது. அடுத்த ஆண்டே ரஷ்யா தன் உணவு இறக்குமதித் தடையை மொன்டினீக்ரோவுக்கும் நீட்டியது. தெரிந்தே ஏற்ற இழப்பு. தனியே நின்றால் எந்த வல்லரசும் அசைத்துவிடக்கூடிய ஒரு சிறு நாடு, 27 பேரின் நிழலில் நிற்க அந்த விலையைக் கொடுக்கிறது.

சேர்பியா கொடுக்கவில்லை. தன்னிடமிருந்து பிரிந்த கொசோவோ விடயத்தில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில் ரஷ்யாவின் வீட்டோ அதற்கு வேண்டும். எரிவாயுவும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. அதனால் அந்தத் தடைகளில் சேராமலே வேட்பாளராக இருக்கிறது. ஆகவே இணக்கம் என்பது ஒவ்வொரு அரசும் தன் தேவையை நிறுத்துப் பார்த்து எடுக்கும் முடிவு. ஆனாலும் வாக்குரிமை கொடுக்காமல், ஆண்டுக்கணக்கில் வாசலில் நிறுத்திவைத்து, கையொப்பம் மட்டும் கேட்பது நீதியென்று எனக்குப் படவில்லை.

இந்தக் கூட்டு முடிவின் கனத்தை வன்னி நேரிலேயே அறியும். 2006 மே மாத இறுதியில் ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஒன்றிய நாட்டவர் இனிக் கண்காணிக்க முடியாது என்று புலிகள் அறிவித்தார்கள். டென்மார்க், பின்லாந்து, சுவீடன் நாட்டவர் போர்நிறுத்தக் கண்காணிப்பிலிருந்து விலகினார்கள்; குழுவின் தலைவர் உல்ஃப் ஹென்றிக்சன் சுவீடன் நாட்டவர், அவரும் போனார். எஞ்சியவர்கள் நோர்வேயரும் ஐஸ்லாந்தரும் மட்டுமே. அவ்விரண்டும் ஒன்றியத்தில் இல்லாத நாடுகள். ஏ9 வீதியில் ஓடிய கண்காணிப்பு வாகனங்கள் குறைந்ததைக் கண்ட நம்மில் பலருக்கு, முடிவு ஒன்றியத்தின் தலைமையகமான பிரசெல்ஸில் எடுக்கப்பட்டது என்பது அன்று பிடிபடவில்லை.

இன்று நம் சங்கங்கள் தூதரகம் தூதரகமாக மனுக் கொடுக்கின்றன. கொடுக்கட்டும். ஆனால் உறுப்பு நாடுகளின் தூதுவர்கள் அமரும் அரசியல், பாதுகாப்புக் குழு பிரசெல்ஸில் வாரத்தில் இருமுறை கூடுகிறது. வாசகம் அங்கே உருவாகும் முன்பே நம் மனு அந்த 27 தலைநகரங்களையும் சென்றடைய வேண்டும். வேட்பாளர் நாடுகளின் கைக்கு அது வரும்போது, திருத்துவதற்கு ஒரு சொல்லும் மிஞ்சியிருக்காது.