ஒரு சுரம் தவறினால்

வணக்கம் நேயர்களே. ஹாங்காங்கில் குடியேறிய புதிதில், கடையில் தேநீர் கொண்டுவந்து வைத்த முதியவரிடம் நான் அரைகுறைக் கான்டனீய மொழியில் "ஹோவ் ச்சா" என்று பாராட்ட, அவர் முகம் சுருங்கிவிட்டது. 'ஹோவ்' என்ற சொல்லுக்கு 'நல்ல' என்றும் பொருள் உண்டு, 'மிகவும்' என்றும் பொருள் உண்டு. 'ச்சா' என்பதைக் குரலைத் தாழ்த்திச் சொன்னால் தேநீர். உச்சத்தில் நிறுத்திச் சொன்னால் மட்டம், அதாவது மோசம். 'நல்ல தேநீர்' என்பதற்குப் பதிலாக 'படுமட்டம்' என்று சொல்லியிருக்கிறேன். சொல்லின் பொருளையே மாற்றும் ஆறு சுரங்கள், அதாவது குரலின் ஏற்ற இறக்கங்கள், கொண்ட அம்மொழியைத் தமிழ் எழுத்தில் குறித்துவைத்துப் படித்ததன் பலன் அது. ஹாங்காங் மொழியியல் கழகம் 1993இல் வகுத்த, கான்டனீயத்தை ரோமன் எழுத்தில் எழுதும் யூட்பிங் முறையில் சுரத்துக்கு எண் உண்டு: தேநீருக்கு 4, மட்டத்துக்கு 1.

அன்று முதல் குறைகூறும் சொற்களைத் தேடித் தேடிக் கற்றேன். தரமற்ற பொருளை 'ஜா' என்பார்கள். பிழிந்தபின் எஞ்சும் சக்கை என்பதே அதன் நேர்ப்பொருள். நாமும் சாரமற்றதைச் சக்கை என்றுதானே ஒதுக்குகிறோம்? கொஞ்சமாகக் கொடுத்துவிட்டு உயர்தரம் கேட்பவரை, "கரும்புச் சக்கையின் விலை, சுட்ட பெருவாத்தின் சுவை" என்று அவர்கள் கேலி செய்வதைக் கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தேன். மோசமான ஆட்டத்துக்கும் அரைகுறை வேலைக்கும் 'சோய் பெய்', அதாவது 'தண்ணீர்த் தோல்', என்று பெயர். அதே தண்ணீர் வேறு பேச்சில் பணத்தைக் குறிக்கும்.

ஷாம் ஷூய் போ வட்டாரத்தின் அப்லியூ தெருவில், நடைபாதையில் பரப்பிய கைவிளக்குகளையும் மின்னேற்றிகளையும் புரட்டிப் பார்ப்பவர்கள் கேட்பது, "கீன் டிங் லௌ?" என்று. 'கீன்' திடமானது, ஆகவே அசல். 'லௌ' ஒழுகியோடுவது, ஆகவே போலி. ஒரு பொருளின் தரத்தை இதைவிடச் சுருக்கமாக விசாரிக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் அன்றாடப் பேச்சில் என் காதில் அதிகம் விழுந்தது 'மா மா தெய்' என்ற மென்மையான சொல்தான். அகராதியில் 'சுமார்' என்று போட்டிருந்தது. "சாப்பாடு சுமார்தான்" என்று நம்மவர் இழுக்கும்போது அதில் எவ்வளவு அதிருப்தி இருக்கிறதோ, அவ்வளவு அதிலும் உண்டு என்பதை அகராதி சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்த அறிக்கையைப் படித்துவிட்டு மேலாளர் "மா மா தெய்" என்றபோது, நன்றி சொல்லிவிட்டு மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன். மறுநாள் காலை, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையோடு, அந்த அறிக்கை என் மேசையில் கிடந்தது.